ஏழாம் தீவில் இருபத்து மூன்றாவது படி

ஏழாம் தீவின் கலங்கரை விளக்கத்துக்குப் பின்புறம் நாற்பத்தொரு படிகள் உண்டு. அவற்றில் மீட்டர் அண்ணனைவிட அதிக முறை ஏறி இறங்கியவர் கிடையாது. அவருக்கு இடது முழங்காலுக்குக் கீழே கால் இல்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்தத் தீவும் நிஜத்தில் இல்லை. நாங்கள் செய்த கணினி விளையாட்டில் இருந்தது.

மொத்தம் ஒன்பது தீவுகள். வரைபடத்தில் வடக்கிலிருந்து தெற்காகக் காதுத் தொங்கட்டான் போல இறங்கி வருவதால் தொங்கல் தீவுகள் என்று பெயர் வைத்திருந்தார்கள். சுட்டெரிக்கும் வெயிலும் கிடையாது, உறைய வைக்கும் குளிரும் கிடையாது. வடக்குத் தீவுகளின் மலை முகட்டில் ஆண்டுக்கு ஒரு வாரம் மட்டும் வெண்பனி படியும். தெற்கே போகப் போக அலையாத்திக் காடு, தாழம்புதர், பவளப் பாறை. மழைக்காலம் முடிகிற சமயத்தில் புயல் வரும். விளையாடுகிறவர் ஒரு படகோட்டி. காணாமல் போன அண்ணனைத் தேடித் தீவு தீவாக அலைய வேண்டும்.

அந்தத் தீவுகளைச் செய்தவர்கள் நான்காம் மாடியில் கண்ணாடிச் சன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததில் குறை கண்டுபிடிக்கிற நாங்கள் பன்னிரண்டு பேர் மூன்றாம் மாடியில், சன்னலே இல்லாத ஓர் அறையில் இருந்தோம். கீழே டயர் கடை. காலையில் படியேறும்போதே ரப்பர் வாடை மூக்கில் ஏறிவிடும். லிப்ட் வாரத்தில் நான்கு நாள் ஓடும், மூன்று நாள் ஓடாது.

லிப்ட் ஓடாத ஒரு நாளில்தான் மீட்டர் அண்ணன் முதன்முதலாக வேலைக்கு வந்தார். ஒவ்வொரு படியிலும் நல்ல காலை முதலில் வைத்து, பிறகு செயற்கைக் காலைத் தூக்கி, மூன்று மாடி ஏறி வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மூச்சு சீரானதும் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "ஏம்மா, இதுல நடக்கிறதுக்கு எந்தப் பொத்தான்?"

அதற்கு முன் பதினாறு ஆண்டுகள் அவர் மின்சார மீட்டர் கணக்கெடுக்கும் ஊழியர். ஒரு நாளைக்கு இருநூறு வீடு. எந்த வீட்டில் மீட்டர் படிக்கட்டுக்குக் கீழே, எந்த வீட்டில் குளியலறைச் சுவரில், எந்த வீட்டு நாய் குரைக்கும், எது குரைக்காமல் கடிக்கும் எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஒரு நாள் சரிவான சந்தில் ஒரு வீட்டு மீட்டரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, மேலே நிறுத்தியிருந்த லாரி பிரேக் விட்டுப் பின்னால் உருண்டு வந்து அவரைச் சுவரோடு வைத்து நசுக்கியது. கால் போனது. வீடு வீடாக ஏறி இறங்க முடியாதவருக்கு அந்த வேலையும் போனது. மனைவி அதற்கு முன்பே பிரிந்து போயிருந்தாள். குழந்தை இல்லை. மிச்சமிருந்த உறவு ஒரே ஒரு தங்கை.

அந்தத் தங்கையின் கணவர்தான் எங்கள் விளையாட்டுக்குத் தலைமைப் பொறுப்பாளர். எட்டு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்த மச்சானை எழுப்பிக் கொண்டுவந்து இந்த வேலையில் உட்கார வைத்தவர் அவர். "நடக்கத்தானே மச்சான் உங்களுக்கு வரும்? இங்கயும் நடக்கிற வேலைதான். உட்கார்ந்த இடத்துல நடக்கணும்" என்றாராம். அண்ணன் இதைச் சொல்லும்போதெல்லாம் மாப்பிள்ளையின் மீதிருந்த நன்றி குரலிலேயே தெரியும்.

வேலை உண்மையிலேயே நடப்பதுதான். படகோட்டியின் உருவத்தைத் தீவுகளில் நடத்திக்கொண்டே போக வேண்டும். எங்கே தரை சரியாக மூடாமல் ஆள் உள்ளே விழுகிறான், எந்தச் சுவருக்குள் கை நுழைகிறது, எந்த மரம் அந்தரத்தில் நிற்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். எங்களில் பலரும் குறுக்கு வழி தட்டி ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாவிவிடுவோம். அண்ணன் தாவவே மாட்டார். "மீட்டரைப் பார்க்காம ரீடிங் எழுதுறவன் மாதிரி இருக்கும்மா அது" என்பார். தீவுகளைத் தெரு மாதிரிப் பிரித்துவைத்துக்கொண்டு, ஒவ்வொரு கரையையும் இரண்டு பக்கமும், வெயிலில் ஒரு தரம், மழையில் ஒரு தரம், புயலில் ஒரு தரம் நடந்து முடிப்பார். முதல் ஆண்டில் மட்டும் ஆயிரத்துச் சொச்சம் ஓட்டைகளைக் கண்டுபிடித்தார். நான்காம் மாடிக்காரர்கள் அவரைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

"இந்த ஒன்பது தீவுலயும் ஒரு நாய்கூட இல்லம்மா. அதான் எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு" என்று ஒருமுறை சொன்னார். அது எப்படியோ மேலே போய்ச் சேர்ந்துவிட்டது. அடுத்த வாரம் மூன்றாம் தீவின் உப்பளத்தருகே ஒரு வெள்ளை நாய் முளைத்து, அவரைக் கண்டதும் குரைத்துக்கொண்டு ஓடி வந்தது. அண்ணன் பதறி நிஜமாகவே நாற்காலியில் காலைத் தூக்கிக்கொண்டார். அறை முழுக்கச் சிரித்தது. அவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

மூன்று ஆண்டுகள் அப்படிப் போயின.

விளையாட்டு வெளியாக ஐந்து வாரம் இருந்தது. காலை பதினொரு மணி. மற்றவர்கள் எல்லோரும் மேல்மாடியில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார்கள். நான் ஒரு ரிப்போர்ட்டை முடித்துவிட்டுப் போகலாமென்று இருந்தேன். அண்ணனுக்குப் படியேற வேண்டாமென்று யாரோ விலக்குக் கொடுத்திருந்தார்கள்.

"ஏம்மா, இங்க வந்து இதைக் கொஞ்சம் பாரேன். நான் கண்ணை எடுத்துட்டேன், முடியல" என்றார்.

நாற்காலியை நகர்த்திக்கொண்டு போனேன். ஏழாம் தீவு, புயல் நேரம். கலங்கரை விளக்கத்தின் பின்புறப் படிகளில் இருபத்து மூன்றாவதில் நின்று மேலே பார்த்தால் விளக்கும் மின்னலும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு நிற்காமல் மினுக்கின. வெள்ளை, சிவப்பு, வெள்ளை, சிவப்பு. திரை முழுவதும். அந்தப் படியை விட்டு நகரும்வரை அது நிற்காது.

எனக்கு நினைவிருப்பது அவ்வளவுதான்.

கண் திறந்தபோது தரையில் ஒருக்களித்துக் கிடந்தேன். என் தலைக்குக் கீழே அவருடைய பை. நாக்கைக் கடித்திருந்தேன், வாயெல்லாம் இரத்தச் சுவை. மீட்டர் அண்ணன் செயற்கைக் காலை ஒரு பக்கம் நீட்டியபடி தரையில் உட்கார்ந்து, "ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்ல, இங்கதான் இருக்கேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். என் துணி நனைந்திருப்பதை அப்போதுதான் உணர்ந்தேன். அவமானத்தில் செத்துவிடலாம் போல இருந்தது. அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மேசையிலிருந்த தன் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து மூடியைக் கழற்றி, என் நாற்காலியிலும் தரையிலும் தன் பேண்ட்டிலும் கவிழ்த்தார்.

"நான் தண்ணியைக் கொட்டிட்டேன். உன் மேலயும் பட்டுடுச்சு. வீட்டுக்குப் போய் மாத்திட்டு வா" என்றார்.

எனக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மூன்று மாதத்தில் தேதி. வலிப்பு வருகிற பெண் என்று ஒரு சொல் வெளியே போனால் என்ன ஆகுமென்று எனக்குத் தெரியும். எங்கள் பெரியப்பா மகளுக்குச் சின்ன வயதில் ஒரே ஒருமுறை வந்தது. அவள் முப்பத்தெட்டு வயதிலும் தனியாகத்தான் இருக்கிறாள்.

"அண்ணே, இதை எழுதாதீங்க" என்றேன்.

"எழுதாம எப்படிம்மா? இது தரையில இருக்கிற ஓட்டை இல்லையே."

"வெளிச்சத்தை எழுதுங்க. நான் விழுந்ததை எழுத வேணாம்."

"பேர் போடல. ஒருத்தர் விழுந்தார்னு மட்டும் எழுதுறேன்."

"பன்னெண்டு பேர்ல மத்த எல்லாரும் மேல இருக்காங்க. நீங்களும் நானும்தான் கீழ. யாருன்னு கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும்? உங்க கால்ல விழுறேன் அண்ணே." உண்மையிலேயே குனிந்து அவர் காலைப் பிடித்தேன். கையில் பட்டது பிளாஸ்டிக்.

அவர் என் கையை விலக்கி என்னை நிமிர்த்தினார். பிறகு, "டாக்டரைப் போய்ப் பார்ப்பியா?" என்று மட்டும் கேட்டார். பார்ப்பதாகச் சொன்னேன். பார்க்கவில்லை.

மதியம் அவர் எழுதிக் கொடுத்த ரிப்போர்ட் எனக்கு இன்றும் மனப்பாடம். "ஏழாம் தீவு, கலங்கரை விளக்கம், பின்புறப் படி 23, புயல் நேரம். மின்னல் நிற்காமல் மினுக்குகிறது. கண் கூசுகிறது, கடுமையான தலைவலி வருகிறது. சிலருக்கு ஆபத்தாகலாம். உடனே சரிசெய்ய வேண்டும்." அவசரத்தின் மிக உயர்ந்த நிலையைப் போட்டிருந்தார்.

போட்டதோடு விடாமல் மாப்பிள்ளையை நேரிலும் பார்க்கப் போனார். அவருடைய அறை என்பது பலகைத் தடுப்புதான். நான் வெளியே தண்ணீர் பிடிக்கிற சாக்கில் நின்றேன்.

மாப்பிள்ளை கெட்டவர் இல்லை. நான்கு மாதமாக வயிற்றுப் புண்ணுக்கு மருந்து குடித்துக்கொண்டு, தலைக்கு மேல் வேலையை வைத்துக்கொண்டிருந்தவர். அன்று மட்டும் அவருக்கு முன்னால் நானூறு குறைகள் இருந்தன.

"மச்சான், புயல் அடிக்கும்போது எல்லாரும் குகைக்குள்ள ஓடுவாங்க. பின்பக்கப் படியில ஏறி, பாதியில நின்னு, அண்ணாந்து பார்க்கிறவன் எவன் இருக்கான்?"

"நான் பார்த்தேனே மாப்பிள்ளை."

"நீங்க பார்ப்பீங்க. அதுக்குத்தானே உங்களை வெச்சிருக்கோம்." அவர் சிரித்தார். பிறகு, "சரி, யாருக்காவது எதாவது ஆச்சா? அதைச் சொல்லுங்க. ஆச்சுன்னா எல்லாத்தையும் நிறுத்திட்டு இதைப் பார்க்கிறேன்" என்றார்.

தடுப்புக்கு வெளியே டம்ளர் நிறைந்து என் கைமேல் வழிந்துகொண்டிருந்தது.

"எனக்குத் தலை வலிச்சுது" என்றார் அண்ணன்.

"மாத்திரை போட்டுட்டு ரெண்டு நாள் லீவு எடுங்க மச்சான். வெளியானப்புறம் முதல் திருத்தத்துல சேர்த்துடலாம்."

வெளியே வந்த அண்ணன் என்னைப் பார்த்தார். போய் உட்கார்ந்து எட்டாம் தீவைத் திறந்தார்.

விளையாட்டு வெளிவந்தது. நன்றாக ஓடியது. நான்காம் மாடியில் கேக் வெட்டினார்கள். முதல் திருத்தம் வந்தது, இரண்டாவதும் வந்தது. இருபத்து மூன்றாவது படி எதிலும் இல்லை. அண்ணன் இரண்டு முறை நினைவுபடுத்தி எழுதினார். எனக்குக் கல்யாணம் நடந்தது. அண்ணன் கூட்டத்தில் ஒரு ஓரமாக நின்று சாப்பிட்டுவிட்டு, "சந்தோஷமா இரும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கு ஒன்பதாம் நாள், எங்கள் விளையாட்டை விளையாடிக்கொண்டிருந்த ஒரு பெண் இறந்தாள்.

இருபது வயது. நர்ஸிங் படித்துக்கொண்டிருந்தவள். அம்மா இல்லை. அப்பா பஸ் டிரைவர். அன்று அவளுக்கு விடுமுறை. அப்பா காலை ஷிப்ட் முடித்து மதியம் இரண்டரைக்கு வீட்டுக்கு வந்தபோது, அவள் கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவே குப்புற விழுந்து கிடந்தாள். விழுந்த வேகத்தில் கட்டிலின் இரும்புக் கால் நெற்றிப்பொட்டில் பட்டிருந்தது. அவளுக்கு மேலே திரை இன்னும் மினுக்கிக்கொண்டிருந்தது. வெள்ளை, சிவப்பு. அவர் சுவரிலிருந்த சுவிட்சை அணைத்த பிறகுதான் அது நின்றது.

அந்த டிரைவர் எங்கள் அலுவலகத்துக்கு நான்கு தடவை வந்தார். ஒவ்வொரு தடவையும் வரவேற்பறையில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, வக்கீல் கடிதம் அனுப்பச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். மினுக்கலுக்கு நடுவே படிக்கட்டு மாதிரி ஏதோ தெரிந்ததாக அவர் சொன்னாராம். அப்படி ஓர் இடமே விளையாட்டில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

ஐந்தாவது தடவை வந்த அன்று லிப்ட் ஓடவில்லை. சாப்பாட்டு வேளையில் மீட்டர் அண்ணன் ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தார். இரண்டாம் மாடித் திருப்பத்தில் காக்கிச் சட்டையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அண்ணன் தடுமாறுவதைப் பார்த்ததும் எழுந்து, "என் தோளைப் பிடிச்சுக்கோங்க" என்றார். தோளைப் பிடித்து இரண்டு படி இறங்கி, யாரைப் பார்க்க வந்தார் என்று கேட்ட பிறகுதான் அவர் யார் என்பது அண்ணனுக்குத் தெரிந்தது. அப்படியே திரும்பி அவரையும் அழைத்துக்கொண்டு மேலே ஏறி வந்தார்.

அறையில் நான் மட்டும் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தேன். "இவர் அந்தப் பொண்ணோட அப்பா" என்றார் அண்ணன். எடுத்த கவளத்தை டிபன் பாக்ஸிலேயே திரும்ப வைத்தேன்.

டிரைவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். "எனக்கு இதெல்லாம் தெரியாது சார். அவ கடைசியா எங்க இருந்தான்னு மட்டும் பார்க்கணும்" என்றார்.

அண்ணன் ஏழாம் தீவைத் திறந்தார். வெயில் நேரம். துறையிலிருந்து மேலே போகிற பாதை, இரண்டு பக்கமும் தாழம்புதர், காற்றில் அசைகிற நீளப் புல், தூரத்தில் பச்சையும் நீலமுமாகக் கடல். டிரைவர் கண் கொட்டாமல் பார்த்தார்.

"அழகாத்தான் செஞ்சிருக்கீங்க" என்றார். "நான் இருபத்தேழு வருஷமா ஒரே ரூட்டு. எவ்வளவு தூரம் போனாலும் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிப்பேன். இவ என்னடான்னா, இன்னைக்கு இந்தத் தீவு முடிச்சேன்பா, நாளைக்கு அந்தத் தீவுன்னு ராத்திரிச் சாப்பாட்டுல சொல்லிட்டே இருப்பா. நான் சரி சரின்னு கேட்டுக்குவேன். ஒரு நாளும் வந்து பார்த்ததில்ல."

கலங்கரை விளக்கத்தைச் சுற்றிப் பின்பக்கம் போனார்கள். படிகள் வந்தன. அண்ணன் மெதுவாக ஏறினார். இருபத்திரண்டில் நிறுத்தினார்.

"இதுக்கு மேல வேணாம்" என்றார்.

"ஏன்?"

"அடுத்த படிதான்."

டிரைவர் திரையிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தார். "இப்படி ஒரு இடமே இல்லைன்னு சொன்னாங்க. அடுத்த படிதான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மீட்டர் அண்ணன் பொய் சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை. "எனக்கு முன்னாடியே தெரியும். வெளியாகிறதுக்கு அஞ்சு வாரத்துக்கு முன்னாடி எழுதிக் கொடுத்தேன்."

"எழுதிக் கொடுத்தீங்க. அப்புறம்?"

"அப்புறம்… அடுத்த தீவுக்குப் போயிட்டேன்."

டிரைவர் கையை ஓங்குவாரென்று நினைத்தேன். ஓங்கவில்லை. இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். கடைசியில், "எழுதினதை எனக்குத் தர முடியுமா?" என்றார். அண்ணன் அந்த ரிப்போர்ட்டை அச்செடுத்து, நான்காக மடித்து அவர் கையில் கொடுத்தார். நான் தலையைக் குனிந்து டிபன் பாக்ஸை மூடினேன்.

அதன்பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. வழக்கு, செய்தித்தாள், விசாரணை. இருபத்து மூன்றாவது படியை இரண்டே நாளில் சரிசெய்தார்கள். மாற்ற வேண்டியிருந்தது ஒரே ஒரு வரிதானாம்.

விசாரணையை அலுவலகத்தின் பெரிய அறையில் வைத்தார்கள். எங்கள் அறையிலிருந்து எல்லோரையும் வரிசையாகக் கேட்டார்கள். நிறுவனத்தின் வக்கீல் அண்ணனிடம் அந்த ரிப்போர்ட்டைக் காட்டி, "தலைவலின்னுதானே எழுதியிருக்கீங்க? யாராவது மயங்கி விழுந்தாங்களா, வலிப்பு வந்துச்சா? அப்படி எதையாவது பார்த்தீங்களா?" என்று கேட்டார். நான் எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை.

"இல்ல" என்றார்.

என் முறை வந்தது. எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். கழுத்தில் தாலியின் புது மஞ்சள்கூட மங்கவில்லை. அது ஒரு காரணமா என்று கேட்டால், அன்று எனக்கு அதுதான் காரணம்.

ஆபத்து இவ்வளவு பெரியது என்று பரிசோதித்தவர் தெளிவாகத் தெரிவிக்கவில்லை, வந்த எச்சரிக்கையைப் பொறுப்பாளர் தள்ளிப்போட்டார் என்று முடிவெழுதினார்கள். மீட்டர் அண்ணனையும் மாப்பிள்ளையையும் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அன்று மாலையே தங்கை அண்ணன் வீட்டுக்கு வந்திருக்கிறாள். உட்காரவில்லையாம். "உன்னைப் படுக்கையில இருந்து எழுப்பி வேலை வாங்கிக் கொடுத்தாரே, அவரையா அண்ணா மாட்டி விட்டே? அந்தக் காகிதத்தைக் கொடுக்கிறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?" என்று கேட்டாளாம். மாப்பிள்ளைக்கு அந்தத் தொழிலில் அப்புறம் யாரும் வேலை கொடுக்கவில்லை. ஒரு கிடங்கில் சரக்குக் கணக்குப் பார்க்கப் போனார். வயிற்றுப் புண் முற்றி இரண்டு முறை ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

எனக்கு இரண்டாம் முறை வலிப்பு வந்தது கல்யாணமாகிப் பதினான்காம் மாதம், சமையலறையில், குக்கரை இறக்கும்போது. கை வெந்துபோனது. நான் எந்த விஷயத்தை மூடி மறைக்க ஒருவரை அவ்வளவு கெஞ்சினேனோ, அது மாமியாரின் கண்முன்னே தரையில் துடித்தது. கணவர் என்னை வீட்டைவிட்டு அனுப்பவில்லை. "முன்னாடி வந்திருக்கா?" என்று டாக்டர் கேட்டபோது, "ஒரு தடவை" என்றேன். கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்றுவரை அந்த முகம் முழுதாக என் பக்கம் திரும்பவில்லை.

கை ஆறியதும் பஸ் டிரைவரின் வீட்டைத் தேடிக்கொண்டு போனேன். அண்ணனிடம் சொல்லாமல் போனேன்.

மாடிப்படிக்குக் கீழே ஒற்றை அறை. ஓய்வு பெற்றிருந்தார். கட்டிலை எடுத்துவிட்டுத் தரையில் பாய் போட்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அன்று காலை பதினொரு மணிக்கு விழுந்தது நான், எழுதவிடாமல் காலைப் பிடித்துக்கொண்டது நான், விசாரணையில் பொய் சொன்னது நான். முடித்ததும் அவர் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"அப்போ அதே இடத்துல நீயும் இருந்திருக்கே" என்றார்.

"ஆமாங்கய்யா."

"ஒண்ணு கேக்கணும். டாக்டருங்ககிட்ட கேட்டா ஆளுக்கொண்ணு சொல்றாங்க." அவர் குரல் உடைந்தது. "அந்த நேரத்துல வலிச்சிருக்குமா? என்னைக் கூப்பிட்டிருப்பாளா?"

நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். "இல்லங்கய்யா. வெள்ளையா ஒண்ணு வந்துச்சு. அப்புறம் எதுவுமே இல்ல. பயப்படக்கூட நேரமில்ல. எழுந்தப்புறம்தான் நாக்கு வலிச்சுது. நடுவுல ஒண்ணும் தெரியாது."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். ஓர் ஆண்டுக்கும் மேலாக அந்த மனிதருக்குத் தேவையாயிருந்த ஒரே பதில் என் வாய்க்குள் கிடந்திருக்கிறது. நான் மன்னிப்புக் கேட்டேன். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. கிளம்பும்போது மட்டும், "மாத்திரை குடுத்திருக்காங்களா?" என்று கேட்டார். தலையாட்டினேன். "ஒரு வேளையும் விட்டுடாத" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

பிறகு நான் டிரைவரின் வழக்கை நடத்திய வக்கீலிடம் போய் வாக்குமூலம் எழுதிக் கொடுத்தேன். அது நல்லதைச் செய்யும் என்று நினைத்தேன். ஒருவர் விழுந்த விஷயமே தெரியாமல்தான் மாப்பிள்ளை அந்த ரிப்போர்ட்டைத் தள்ளிப்போட்டார் என்பது அதனால் வெளியே வந்தது. தங்கைக்கும் தெரிந்தது. அவள் அண்ணனுக்குப் போன் செய்தாள். "அப்போ அவர் கேட்டாரு, நீ மறைச்சே. எவளோ ஒருத்தி கல்யாணத்துக்காக என் குடும்பத்தை நடுத்தெருவுல நிறுத்திட்டே. அவ உனக்கு யாரு? நான் யாரு?" அதற்குப் பிறகு அவள் பேசவே இல்லை. முன்பாவது கோபம் இருந்தது. கோபம் என்றைக்காவது ஆறும். இது ஆறுகிற மாதிரி இல்லை.

போன மாதம் மீட்டர் அண்ணனைப் பார்க்கப் போனேன். அரசு ஆஸ்பத்திரியில் கண் பிரிவில் டோக்கன் கொடுக்கிற இடத்தில் இருக்கிறார். ஒரு மர ஸ்டூல், முன்னால் கம்பி வைத்த சன்னல், அதற்கு வெளியே சுவர் ஓரமாக நெடுக வரிசை. தலை முழுக்க நரைத்துவிட்டது. காலின் மொட்டை முனையில் புண் வந்து ஆறாததால் செயற்கைக் காலைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்.

"ஏன் அண்ணே, வந்து திட்டியாவது இருக்கலாம்ல என்னை?" என்றேன்.

"என்னத்தைத் திட்டுறது?" டோக்கன் சீட்டுகளை ரப்பர் பேண்டிலிருந்து உருவிக்கொண்டே பேசினார். "நீ போய்ச் சொன்னது சரிதான். சொல்ல வேண்டிய விஷயம். ஆனா என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நானே போய் என் தங்கச்சிகிட்ட சொல்லியிருப்பேன். அடுத்தவன் வாயால தெரிஞ்சுதே, அதைத்தான் அவளால தாங்க முடியல." சீட்டுகளைச் சன்னலருகே அடுக்கி வைத்தார். "அந்த டிரைவர் என்ன கேட்டார்? நீ என்ன சொன்னே?"

சொன்னேன்.

"நிஜமாவே ஒண்ணும் தெரியலையா?"

"நிஜமாவே."

அவர் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். அதற்குள் வெளியே ஒரு பெண் கட்டுப் போட்ட கண்ணோடு இருந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு கம்பியைத் தட்டினாள். அண்ணன் ஸ்டூலை முன்னால் இழுத்து, கழுத்தை நீட்டி, குழந்தையின் பெயரையும் வயதையும் கேட்டு எழுதி, சீட்டைக் கம்பிக்கு வெளியே நீட்டினார்.

"நூத்தி நாலு. வராண்டா முழுக்க நடந்து போங்கம்மா, வலது கைப்பக்கம் மூணாவது கதவு. அங்க ஒரு படி உடைஞ்சிருக்கு, பார்த்துக் கால் வைங்க."